முத்துச் சல்லடையின் எண்கள்

மன்னார் வளைகுடாவின் முத்து வணிகர்கள் எண்ணைக் கொண்டே அளவைச் சொல்லும் முறையைக் கையாண்டு வந்தனர். பெட்டி எனப்பட்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளில் முறையே 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 துளைகள் இருந்தன. எண் கூடக்கூடத் துளை சிறுத்ததால், 20 துளைகள் கொண்ட பெட்டியில் தங்கியவையே மிகப் பெரிய முத்துகள். அவற்றுள் உருட்சியும் ஒளியும் குறைவற்றவை ஆணிமுத்து எனப் பிரிக்கப்பட்டு, மஞ்சாடி என்னும் சிற்றெடையால் நிறுக்கப்பட்டன. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும், இந்தக் கணக்குமுறை தமிழர் தொழில்நுட்ப வரலாற்றில் உரிய இடம் பெறவேண்டியதாகும்.