ஊழியம்: ஒரு பெயர் வந்த வழி

இன்றைய தமிழில் 'ஊழியர்' என்ற பெயர் இரண்டு இடங்களில் அதிகம் புழங்குகிறது. ஒன்று அலுவலகம்: அரசு ஊழியர், வங்கி ஊழியர், அங்கன்வாடி ஊழியர். மற்றொன்று திருச்சபை: தேவ ஊழியர், முழுநேர ஊழியர், ஊழியக்காரர். முன்னவருக்குச் சங்கம் உண்டு, சம்பளக் கமிஷன் உண்டு. பின்னவருக்கு மேடை உண்டு, மைக் உண்டு. சில ஊர்களில் ஆளுயரப் படத்தோடு சுவரொட்டியும் உண்டு. 'ஊழியத்துக்கு அழைப்பு வந்தது' என்று ஒருவர் சொன்னால் சபையார் அவரை வாழ்த்துவார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென் திருவிதாங்கூரில் அதே அழைப்பு வந்திருந்தால், கேட்டவர் பனங்காட்டுக்குள் ஓடி ஒளிந்திருப்பார்.

பழைய அகராதிகளில் ஊழியம் என்பது தெய்வத்துக்கும் குருவுக்கும் மேலோருக்கும் செய்யக் கடமைப்பட்ட பணி. இதில் 'கடமைப்பட்ட' என்பதுதான் முக்கியம். திருவிதாங்கூர் அரசில் அது கூலியில்லாத கட்டாய வேலையின் பெயராக நிலைத்துவிட்டது. நாடார், ஈழவர் முதலான சாதியினர் சர்க்காருக்கும் கோயிலுக்கும் சுமை தூக்க வேண்டும், தீவனம் கொண்டுவர வேண்டும், கட்டட வேலைக்கு ஆளாக நிற்க வேண்டும். கூலி கேட்க முடியாது, வர மறுக்கவும் முடியாது. அங்கே ஒடுக்கப்பட்டோருக்காகக் குரல் கொடுத்த அய்யா வைகுண்டரின் வழியில் 1841-இல் எழுந்த அகிலத்திரட்டு அம்மானை, வரிக்கொடுமையோடு ஊழியக் கொடுமையையும் சேர்த்தே சாடுகிறது. டச்சுக்காரர் ஆண்ட இலங்கையிலும் இதே சொல் இருந்தது. சோனகரும் செட்டிகளும் ஆட்சிக்குச் செய்ய வேண்டியிருந்த கட்டாய உழைப்பை டச்சுக் கம்பெனிப் பதிவேடுகள் 'ஊழியம்' என்ற தமிழ்ச்சொல்லாலேயே குறித்தன.

1806-இல் தென் திருவிதாங்கூரின் நாஞ்சில் நாட்டுக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் லண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். அதன்பின் அங்கே கிறிஸ்தவரான குடும்பங்கள் கேட்ட முதல் சலுகைகளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையில் ஊழிய வேலையிலிருந்து விலக்கு. ஆராதனைக்குப் போவதா, அதிகாரி கூப்பிட்ட வேலைக்குப் போவதா என்பது அவர்களுக்கு வாராவாரம் எழுந்த கேள்வி. ஊழியம் என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

அந்தச் சொல்தான் வேதாகமத்தில் இயேசுவின் வேலைக்குப் பெயரானது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பையே தமிழ்ப் புராட்டஸ்தாந்து சபைகள் இன்றும் பெரும்பாலும் வாசிக்கின்றன. மாற்கு பத்தாம் அதிகாரத்தில் செபெதேயுவின் மக்கள் இருவர் இயேசுவின் வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்கிறார்கள். மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. பெரியவனாக விரும்புகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று இயேசு சொல்லுமிடத்தில் கிரேக்க மூலத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று 'தியாகோனோஸ்', பந்தியில் பரிமாறுகிறவன். மற்றது 'தூலோஸ்', அடிமை. பவர் முன்னதைப் 'பணிவிடைக்காரன்' என்றும் பின்னதை 'ஊழியக்காரன்' என்றும் பெயர்த்தார். அடுத்த வசனத்தில் மனுஷகுமாரன் வந்த நோக்கத்தைச் சொல்லும்போதும் ஊழியம்தான்.

கட்டாய ஊழியத்தை மறக்காத தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. தங்கள் முதுகில் ஏற்றப்பட்ட சுமையின் பெயரைக் கடவுளின் மகன் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அவர்கள் வாசித்தார்கள். வேலை அதே தாழ்ந்த வேலை. செய்கிறவர் மனமுவந்து செய்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு. சொல்லின் பொருள் முழுவதையும் திருப்பிப் போட அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

கத்தோலிக்கர் வேறு வழியில் போனார்கள். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் 'தொண்டு' என்கிறது. ஆயருக்கும் குருவுக்கும் அடுத்த நிலையில் திருப்பட்டம் பெற்றவருக்கு அவர்கள் வழக்கில் 'திருத்தொண்டர்' என்று பெயர். சேக்கிழாரின் பெரிய புராணத்துக்கு முறையான பெயர் திருத்தொண்டர் புராணம் என்பதைச் சைவ வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தொண்டு என்பதற்கும் பழந்தமிழில் அடிமைத்தனம் என்ற பொருள் உண்டு. ஆக, இரு சபைகளும் வெவ்வேறு சொல்லை எடுத்தாலும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: அடிமையின் வேலை. திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் பிரசங்க மேடைக்காக அல்ல. கைம்பெண்களின் அன்றாடப் பந்தியில் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதற்காக.

ஈஸ்டருக்கு முன் வரும், தவக்காலம், லெந்து என்று இருபெயர் பெற்ற நாற்பது நாளின் வாசகங்கள் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கத்தோலிக்கத் திருப்பலியில், இடம் கேட்ட அந்த இருவரின் கதை மத்தேயு சொல்லும் வடிவில் இரண்டாம் வாரப் புதன்கிழமை வாசிக்கப்படுகிறது. பெரிய வியாழனன்று குரு மேலுடையைக் கழற்றி, இடுப்பில் துண்டு கட்டி, மக்களின் பாதங்களைக் கழுவுகிறார். இயேசுவின் காலத்தில் வீட்டு அடிமையிடம் விடப்பட்ட வேலை அது. பாதம் கழுவப்படும் வரிசையில் பெண்களும் அமரலாம் என்று வத்திக்கான் விதியை மாற்றியது 2016-இல்.

எல்லாவற்றிலும் கூர்மையானது, திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா 58-ஆம் அதிகாரம். நோன்பு நாளிலும் உங்கள் வேலைக்காரரைக் கசக்கிப் பிழிகிறீர்களே என்று இறைவாக்கினர் அதில் கேட்கிறார். நுகத்தை முறிப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதும்தான் கடவுள் விரும்பும் நோன்பு என்கிறார். திருவிதாங்கூர் ஊழியக்காரர் யாராவது இதை வாசித்திருந்தால், தம் கதையை யாரோ எழுதிவைத்திருப்பதாக நினைத்திருப்பார்.

மனமுவந்த ஊழியத்துக்குத் தென் திருவிதாங்கூர் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய ஹோவர்ட் சாமர்வெல் அறுவைச் சிகிச்சை மருத்துவர். முதல் பயணம் முடிந்து தெற்கே வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் கிடைக்கவிருந்த வாழ்வை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து பல்லாண்டுகள் பணிசெய்தார். கட்டாய ஊழியம் வாங்கிய நிலத்துக்கு, யாரும் கட்டாயப்படுத்தாமல் வந்து ஊழியம் செய்தவர் அவர்.

இன்று 'ஊழியம் செய்கிறேன்' என்றால் பிரசங்கம் செய்கிறேன் என்றே பெரும்பாலும் பொருள். பரிமாறுகிறவனின் பெயர் பந்தியின் முதலிடத்தில் அமர்கிறவருக்குப் போய்விட்டது. தொண்டர் என்ற பெயர் கட்சிக்கொடியோடு போனதுபோல. சொல் மேலேறுவதில் தவறில்லை. அதன் வேலையைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுவதுதான் தவறு. ஒருவர் ஊழியக்காரரா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும்: செய்வதை மனமுவந்து செய்கிறாரா? அதன் பலன் யாருக்குப் போகிறது?

நோன்பிருக்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பாத்திரம் தேய்க்க வருகிறவருக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுப்புக் கொடுங்கள். கூலி பாக்கி இருந்தால் பெரிய வெள்ளிக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். பிறரிடம் ஊழியம் வாங்குவதை நிறுத்தாதவர், தாம் ஊழியம் செய்வதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.