டிப்போவும் ரோத்தானும்: இரு சொற்கள் கூறும் வரலாறு

மொழியியலைத் தொழிலாகக் கொண்ட எனக்கு வரலாற்றினுள் நுழையச் சொல்லே வாயில். இன்று இரு சொற்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ‘டிப்போ’; மற்றொன்று ‘ரோத்தான்’. முன்னது ஆங்கில வழியாகவும் பின்னது மலாய் வழியாகவும் நம் பேச்சில் கலந்தவை. இம்மண்ணுக்குப் பிழைப்புத் தேடி வந்தோர் பட்ட துன்பத்தின் சுவடு இரண்டிலும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர், கப்பலேறுமுன் நாகப்பட்டினத்து டிப்போவில் தங்கவைக்கப்பட்டனர். பினாங்கை அடைந்தவர்களை ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாம் எதிர்கொண்டது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு அகன்றவர் குற்றவாளியாகக் கருதப்பட்டார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான ஒப்பந்தப் பிணக்கு, தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் வழக்காயிற்று. அவ்வொப்பந்த முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. நம் முன்னோருள் பலர் அக்காலச் சட்டத்தின் கண்ணில் ‘ஓடிப்போனவர்கள்’ என்பதை நாம் மறத்தலாகாது.

டிப்போ என்னும் சொல் மறையவில்லை. மலேசியக் குடிநுழைவுத் துறையின் தடுப்பு மையங்கள் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றன. 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டத்தின்படி, நாடு கடத்தப்படவிருக்கும் ஒருவரை அதற்குத் தேவைப்படும் காலம்வரை அடைத்துவைக்கலாம். அக்காலத்திற்குச் சட்டம் உச்சவரம்பு விதிக்கவில்லை. அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. ஆகவே உயிருக்கு அஞ்சி வந்த ரோஹிங்யாவும், ஏமாற்றப்பட்டு ஆவணமிழந்த தொழிலாளியும் இச்சட்டத்தின் முன் ஒரே வகையினராகின்றனர்.

இம்மையங்களின் நிலையை 1995ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்தவர் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ். தடுப்பு முகாம்களிலிருந்து வெளிவந்த தொழிலாளரின் வாக்குமூலங்களைத் தொகுத்து, உணவுக் குறைவு, நோய், அடி உதை, உயிரிழப்பு ஆகியவற்றை ஓர் அறிக்கையாக அவர் வெளியிட்டார். மறு ஆண்டு, பொய்ச்செய்தி வெளியிட்டதாக அவர்மீதே வழக்குத் தொடுக்கப்பட்டது. 2003இல் அவருக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2008இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஓர் அறிக்கைக்காக ஒரு பெண்மணி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வழக்கைச் சுமந்தார்.

அடுத்து, ரோத்தான். மலேசியத் தமிழர் வீடுகளில் இச்சொல் குழந்தைகளை மிரட்டும் சொல். வகுப்பறையிலும் அவ்வாறே. இப்பழக்கத்தால் ‘பிரம்படித் தண்டனை’ என்னும் செய்தியை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். சிறைச்சாலைப் பிரம்பு வேறு. அரை அங்குலக் கனம் வரை உள்ள அப்பிரம்பு தோலைக் கிழித்துத் தழும்பை விட்டுச்செல்லும். அடிபடுவோர் அதைத் தாங்கவல்லவர் என்று மருத்துவர் சான்றளித்த பின்னரே தண்டனை நிறைவேற்றப்படும். ஒரே சொல் இரு பொருளைச் சுமக்கும்போது மென்மையான பொருள் கொடியதை மூடிவிடுகிறது. இது மொழியியலார் நன்கறிந்த உண்மை.

இத்தண்டனையை இங்குள்ள சட்ட நூலில் எழுதியது பிரிட்டிஷ் ஆட்சி. தன் நாட்டில் நீதிமன்றக் கசையடியை பிரிட்டன் 1948ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. கொடிய, மனிதத்தன்மையற்ற தண்டனையை விலக்கும் உலக மனித உரிமைப் பிரகடனம் பிறந்ததும் அவ்வாண்டில்தான். மலேசியாவிலோ 2002ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தவருக்கு ஆறு பிரம்படி வரை விதிக்க வகைசெய்தது. அவ்வாண்டு முதல் 2008 வரை 34,923 வெளிநாட்டினர் பிரம்படி பெற்றதாக உள்துறை அமைச்சர் 2009இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். சிங்கப்பூரிலும் 1989 முதல் சட்டவிரோத நுழைவுக்குப் பிரம்படி உண்டு.

எல்லையைக் காப்பது அரசின் கடமை; அதை மறுப்பார் இல்லை. ஆனால் ஆவணமின்மைக்கு உடலைக் கிழிப்பது தகுமா என்பதே கேள்வி. இக்கேள்விக்கு இந்நாட்டு நீதிமன்றமே ஒருமுறை விடையளித்துள்ளது. 2020ஆம் ஆண்டு படகில் லங்காவியை அடைந்த ரோஹிங்யா ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் விதிக்கப்பட்டது. அலோர்ஸ்டார் உயர்நீதிமன்றம் அவர்களுள் 27 பேரின் பிரம்படியை நீக்கியது. அவர்கள் வழக்கமான குற்றவாளிகள் அல்லர் என்றும், அவர்களை அடிப்பது மனிதத்தன்மையற்றது என்றும் நீதிபதி கருதினார். எனினும் 2022 ஏப்ரலில் ஒரு தற்காலிக முகாமிலிருந்து 528 ரோஹிங்யாக்கள் தப்பி ஓடினர். நெடுஞ்சாலையைக் கடக்கையில் குழந்தைகள் உட்பட ஆறு பேர் வாகனம் மோதி இறந்தனர். மாற்றம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதற்கு அந்தச் சாலையே சான்று.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் செய்தித்தாள்களில் ‘கள்ளக்குடியேறி’ என்னும் சொல்லைக் காணும் மாணவருக்கு, நாகப்பட்டினத்து டிப்போவையும் நினைவூட்டுங்கள். ஒரு செயல் சட்டத்திற்குப் புறம்பாகலாம். மனிதனையே கள்ளன் என்று அழைக்கும் சொல், அவன்மீது விழும் அடியை நாம் கேளாதிருக்கச் செய்துவிடும். ‘ஆவணமற்றோர்’ என்று எழுதப் பழக்குங்கள். அச்சொல் சட்டத்தை மாற்றாது. ஆயினும் அதை எழுதும் மாணவன், அடிபடுபவன் தன் பாட்டனைப் போன்ற ஒருவன் என்பதை உணர்வான்.