நவம்பர் 1: ஒரே நாள், இரு விடுமுறைச் சட்டங்கள்

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் தொழில் நிறுவனங்களின் விடுமுறையை முறைப்படுத்தும் சட்டங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முன்னது 1958ஆம் ஆண்டினது, பின்னது 1963ஆம் ஆண்டினது. இரண்டும் விடுமுறைகளைத் 'தேசிய விடுமுறை', 'பண்டிகை விடுமுறை' என இரண்டாகப் பிரிக்கின்றன. சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களும், அவற்றுக்கு மேல் ஐந்து பண்டிகை நாள்களும் இரு சட்டங்களுக்கும் பொது. கர்நாடகச் சட்டத்தின் இன்றைய வடிவில் மட்டும் ஒரு தேதி கூடுதலாக நிற்கிறது: நவம்பர் 1.

1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்த மாநில மறுசீரமைப்பு இரு மாநிலங்களின் எல்லைகளையும் ஒருசேர மாற்றியமைத்தது. அவ்வாறிருக்க, ஒன்று அந்நாளைக் குடியரசு நாளுக்கு இணையாக வைத்ததும், மற்றொன்று அதை வேலைநாளாகவே விட்டதும் ஏன்?

கன்னடம் பேசிய நிலப்பகுதிகள் அதற்கு முன் மைசூர், பம்பாய், சென்னை, ஐதராபாத், குடகு எனச் சிதறிக் கிடந்தன. 1890இல் தார்வாட்டில் தோன்றிய கர்நாடக வித்யாவர்த்தக சங்கம், 1915இல் பெங்களூரில் நிறுவப்பட்ட கன்னட சாகித்ய பரிஷத்து, ஆலூரு வெங்கடராயரின் எழுத்துகள் ஆகியவை வளர்த்த ஒருங்கிணைப்புக் கோரிக்கை அன்று பெரும்பாலும் நிறைவேறியது. சென்னை மாநிலத்திற்கோ அந்நாள் வரவும் செலவும் கலந்த நாள். கன்னியாகுமரி வந்தது, கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூருக்குப் போனது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின. திருத்தணி 1960 வரை காத்திருந்தது. 'தமிழ்நாடு' என்ற பெயரை முதன்மைக் கோரிக்கையாகக் கொண்டு விருதுநகரில் உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13இல் உயிர்நீத்தார். மூன்று வாரத்திற்குள் வந்த நவம்பர் 1 அப்பெயரைத் தரவில்லை.

ஆயினும் இழப்பு மட்டுமே விடையன்று. காசர்கோடு கிடைக்காத குறை கன்னடர்க்கும் உண்டு. அவர்களது மாநிலமும் 'மைசூர்' என்ற பழைய பெயரையே சுமந்தது. பெயர் மாற்றத்திற்கு இரு அரசுகளும் எந்த நாளைத் தேர்ந்தன என்பதே இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. 1973இல் தேவராஜ் அர்ஸ் ஆட்சியில் 'கர்நாடகம்' என்ற பெயர் நவம்பர் 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. நிலம் ஒன்றான நாளும் பெயர் பெற்ற நாளும் ஒன்றாயின. 1967 சூலை 18இல் சென்னைச் சட்டமன்றம் பெயர்மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 'தமிழ்நாடு' என்ற பெயர் 1969 சனவரி 14 அன்று நடப்புக்கு வந்தது. அது பொங்கல் நாள், ஏற்கெனவே விடுமுறை. பெயர் பெற்ற நாள் பண்டிகைக்குள் கரைந்துபோனதால் தனியொரு விடுமுறை கேட்பாரற்றுப் போனது. பின்னர் 2019இல் நவம்பர் 1 'தமிழ்நாடு நாள்' என அறிவிக்கப்பட்டது. 2021இல் அது சூலை 18க்கு மாறியது. நவம்பர் 1 எல்லைப் போராட்டத்தை நினைவூட்டும் நாள் என்பதே மாற்றத்திற்குச் சொல்லப்பட்ட காரணம். இரண்டில் எதுவும் பொது விடுமுறை ஆகவில்லை.

சொல்லாட்சியும் கவனிக்கத்தக்கது. தமிழக அரசு சொல்வது 'நாள்'; கர்நாடக அரசு சொல்வது 'ராஜ்யோத்சவம்'. உற்சவம் கோயிலுக்குரிய சொல். அன்று புவனேசுவரி தேவியின் உருவம் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படுகிறது. சட்டம் 'தேசியம்' என்ற பத்தியில் எழுதிய நாளை மக்கள் 'பண்டிகை' என்ற பத்தியில் வைத்துக் கொண்டாடுகின்றனர். சட்டம் வகுத்த இருமை தெருவில் செல்லுபடியாகவில்லை.

பெங்களூருத் தமிழர்க்கு இந்நாள்காட்டி வேறு சில விந்தைகளையும் தருகிறது. சித்திரை முதல்நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14இல் வருவதால், அம்பேத்கர் பிறந்தநாளின் பெயரால் அவர்களுக்குப் புத்தாண்டு விடுமுறை கிட்டுகிறது. பொங்கலுக்கு மகர சங்கராந்தியின் ஒரு நாளே. மாட்டுப் பொங்கலும் உழவர் திருநாளும் அத்திப்பள்ளிக்கு அப்பால் நின்றுவிடுகின்றன. கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் ஒசூர் 1956இல் சென்னை மாநிலத்திலேயே நின்ற ஊர். அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பலர். நவம்பர் 1 வேலைநாளில் வந்தால் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். தை இரண்டாம் நாள் பிள்ளைகள் வீட்டிலிருக்க, பெற்றோர் பேருந்து ஏறுவார்கள்.