துண்டுப் பதிவுகளை இணைத்தல்: வெம்பக்கோட்டை அகழாய்வை முன்வைத்து ஒளிப்பட அளவையியலின் வரலாறு

முன்னுரை

அகழாய்வு, தான் படிக்கும் சான்றைத் தானே அகற்றிச் செல்லும் ஆய்வுமுறை. மேலடுக்கை நீக்கினாலன்றிக் கீழடுக்கைக் காண இயலாது. நீக்கிய அடுக்கை மீண்டும் காணவும் இயலாது. எனவே பிற்கால ஆய்வாளருக்குப் பதிவே சான்றாகிறது. விருதுநகர் மாவட்டத்தில், பட்டாசுத் தொழிலால் அறியப்படும் சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றங்கரையில் அமைந்த வெம்பக்கோட்டை மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022இல் அகழாய்வைத் தொடங்கியது. அது 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும் தொடர்ந்தது. இவ்வாறு பல பருவங்களில் பகுதி பகுதியாக அகழப்படும் மேட்டின் முப்பரிமாணப் பதிவுகளை ஒன்றிணைக்கும் சிக்கலை மென்பொருள் மட்டும் தீர்த்துவிடாது. களத்திலேயே அதற்கான தீர்வு தொடங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இணைப்பு முறைகளின் வரலாறு

பெரும்பரப்பைச் சிறு பகுதிகளாக அளந்து இணைக்கும் மரபு தமிழகத்திற்குப் புதிதன்று. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். அடுத்தடுத்த முக்கோணங்கள் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டதனால் அவை ஒரே வலையாயின. ஆயினும் ஒவ்வோர் இணைப்பிலும் சிறுபிழை சேரும். அதனை அறியவே அவர் 1804இல் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோட்டை நேரில் அளந்து, கணக்கில் பெற்ற நீளத்தோடு ஒப்பிட்டார். பொதுப்புள்ளி, அளவுகோல், சரிபார்ப்பு என்னும் மூன்றும் அன்றே வகுக்கப்பட்டுவிட்டன.

ஒளிப்படங்களைக் கொண்டு அளக்கும் முறையை 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எமே லோசெடா வளர்த்தார். செர்மனியின் ஆல்பிரெக்ட் மைடன்பவர் அதனைக் கட்டடப் பாதுகாப்பிற்குப் பயன்படுத்தினார். 1885இல் பெர்லினில் அதற்கெனத் தனி நிறுவனமும் உருவாயிற்று. 1992இல் பால் பெசல், நீல் மெக்கே ஆகியோர் இரு புள்ளித்திரள்களுக்கிடையே மிக அருகிலுள்ள புள்ளிகளை மீளமீளத் தேடிப் பொருத்தும் முறையை வெளியிட்டனர். 1999இல் டேவிட் லோவின் முறை, வெவ்வேறு படங்களில் ஒரே அடையாளத்தைக் கணினியே கண்டறிய வழிசெய்தது. இவ்விரு முறைகளுக்கும் நிபந்தனைகள் உண்டு. முன்னதற்குப் பதிவுகள் தொடக்கத்திலேயே ஏறக்குறையப் பொருந்தியிருத்தல் வேண்டும். இன்றேல் தவறான இடத்திலேயே கணக்கு நிலைத்துவிடும். பின்னதற்குப் பரப்பில் வேறுபாடுகள் புலப்பட வேண்டும்.

கரிசல் மண்ணும் சங்கு வளையலும்

இந்நிபந்தனைகள் கரிசல் வட்டாரத்தில் எளிதில் நிறைவேறுவதில்லை. கரிசல் மண் ஈரத்தில் உப்பும். காய்கையில் சுருங்கி வெடிக்கும். காலையில் எடுத்த பதிவில் இல்லாத வெடிப்பு மாலைப் பதிவில் இருக்கக்கூடும். மென்பொருளோ பொருள் உருமாறவில்லை எனக் கொண்டு, ஒரு பதிவைச் சுழற்றியும் நகர்த்தியுமே மற்றொன்றோடு பொருத்துகிறது. அடுக்கு நீக்கப்பட்டபின் எடுக்கும் பதிவிலோ பழைய தளமே இராது. அங்குத் தளத்தைத் தளத்தோடு பொருத்த முயல்வது, இரு காலங்களை ஒன்றாக்கிவிடும் பிழைக்கு இட்டுச்செல்லும்.

வெம்பக்கோட்டையில் கிடைத்த சங்கு வளையல் துண்டுகள் வேறொரு சிக்கலை உணர்த்துகின்றன. வேலைப்பாடற்ற வளையல் துண்டு ஒரு வட்டவில். அதன் ஒரு பதிவு மற்றொன்றின்மீது வழுக்கிச் சென்று எந்த இடத்திலும் பொருந்தியதாகவே தோன்றும். பிழையளவு குறைவாக இருப்பினும் பொருத்தம் தவறாகலாம். துண்டின் முறிந்த விளிம்பும் செதுக்கிய கோடுமே உண்மையான இடத்தைக் காட்டும். ஆதலால் முறிந்த விளிம்பு ஒவ்வொரு பதிவிலும் இடம்பெறுதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று நடைமுறைகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, குழிக்கு வெளியே, அகழ்வால் பாதிக்கப்படாத நிலைப்புள்ளிகளை நிறுவி, அவற்றின் ஆயங்களை டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளந்து, எல்லாப் பருவங்களிலும் அவற்றையே பயன்படுத்த வேண்டும். இரண்டாவதாக, ஒளிப்படம் தானே அளவைத் தராதாகையால், ஒவ்வொரு பதிவிலும் அளவுகோல் இடம்பெற வேண்டும். மூன்றாவதாக, சில நிலைப்புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்ப்பிற்கென ஒதுக்கி, அவற்றில் தோன்றும் பிழையை அறிக்கையில் வெளியிட வேண்டும். லாம்டனின் இரண்டாம் அடிக்கோடு செய்த பணியும் இதுவே. புதிய மென்பொருள் பழைய படங்களை நாளை இன்னும் நுட்பமாக இணைக்கலாம். ஆனால் இன்று களத்தில் குறிக்கப்படாத நிலைப்புள்ளியை, அகழ்ந்து முடிந்த மண்ணிலிருந்து எம்மென்பொருளும் மீட்டுத்தராது.