24 நொடி: 1955 என்.பி.ஏ. ப்ளேஆஃப் சொல்லும் கதை

பாஸ்கெட்பால் பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சிதான். வளையத்துக்கு மேலே ஒரு சின்னக் கடிகாரம் 24-லிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அது தீர்வதற்குள் பந்தை வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஏன் 24? ரவுண்டாக 20 அல்லது 30 என்று வைத்திருக்கலாமே? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நேராக 1955 ப்ளேஆஃபில் கொண்டுபோய் விடுகிறது.

அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் ஆரம்பத்தில் இந்தக் கடிகாரம் கிடையாது. கபடியில் பாடிக்கொண்டு போகிறவனுக்கு மூச்சுதான் கடிகாரம். இங்கே அதுகூட இல்லை. பந்து கையில் இருக்கும்வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நம்ம தொழில் பாஷையில் சொன்னால், வெளியே வர கண்டிஷனே எழுதாத லூப்.

இந்த ஓட்டையை முழுசாகப் பயன்படுத்திய மேட்ச் 1950 நவம்பர் 22 அன்று நடந்தது. மினியாபோலிஸ் லேக்கர்ஸ் அணியில் 6 அடி 10 அங்குல உயரத்தில் ஜார்ஜ் மைக்கன் இருந்தார். அவரோடு நேருக்கு நேர் மோதி ஜெயிப்பது கஷ்டம். எதிரே ஆடிய ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் என்ன செய்தார்கள் தெரியுமா? பந்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். 48 நிமிட ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 19-18, ஃபோர்ட் வேனுக்கு வெற்றி. லேக்கர்ஸின் 18 பாயிண்டில் 15 மைக்கன் அடித்தது. கடைசி குவார்ட்டரில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தது 4 பாயிண்ட்! ஃபோர்ட் வேன் எந்த விதியையும் மீறவில்லை. தப்பு விதியில்தான் இருந்தது.

பந்தை வைத்துக்கொண்டு நிற்பவனிடமிருந்து பிடுங்க ஒரே வழி ஃபவுல் செய்வது. அதனால் ஆட்டம் ஃப்ரீ த்ரோ போட்டியாக மாறியது. 1953 ப்ளேஆஃபில் பாஸ்டனும் சிராக்யூஸும் மோதிய ஒரு மேட்ச் நான்கு ஓவர்டைம் போனது. பாஸ்டனின் பாப் கௌஸி 50 பாயிண்ட் எடுத்தார். அதில் 30 ஃப்ரீ த்ரோவில் வந்தவை. 1954 இறுதிப் போட்டித் தொடரில் இரண்டு மேட்சுகளின் ஸ்கோர் 62-60, 65-63. காசு கொடுத்து யார் வந்து பார்ப்பார்கள்?

அந்த 1954 தொடரில் லேக்கர்ஸிடம் 4-3 என்று தோற்ற அணி சிராக்யூஸ் நேஷனல்ஸ். அதன் உரிமையாளர் டேனி பியாசோன் இத்தாலியிலிருந்து குடியேறியவர், ஊரில் பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்தியவர். அவர் போட்டதாகச் சொல்லப்படும் கணக்கு ரொம்ப எளிமையானது. சுவாரசியமாக இருந்த மேட்சுகளில் ஒவ்வொரு அணியும் சுமார் 60 முறை பந்தை எறிந்திருந்தது. இரண்டு அணிக்கும் சேர்த்து 120. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2880 நொடி. 2880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. அவ்வளவுதான்! கணக்கைப் போட்டது அணியின் ஜெனரல் மேனேஜர் லியோ ஃபெரிஸ்தான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

இறுதிப் போட்டி முடிந்து பத்தே நாளில், 1954 ஏப்ரல் 22 அன்று லீக் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. கூடவே இன்னொன்றும் சேர்த்தார்கள். ஒரு அணி ஒரு குவார்ட்டரில் ஆறு ஃபவுலைத் தாண்டினால் எதிரணிக்குக் கூடுதல் ஃப்ரீ த்ரோ. முதல் விதி பந்தைப் பதுக்குவதை அடைத்தது, இரண்டாவது ஃபவுல் செய்து தப்பிப்பதை அடைத்தது. ஒன்றை மட்டும் கொண்டுவந்திருந்தால் கோச்சுகள் மற்றதில் புகுந்திருப்பார்கள். ஒரு அணி சராசரியாக எடுக்கும் ஸ்கோர் ஒரே சீசனில் 79.5-லிருந்து 93.1-க்கு ஏறியது. லீகின் நிலைமை அப்போதும் ஆட்டம்தான். அதே சீசனின் நடுவில் பால்டிமோர் அணி கடையை மூட, மிஞ்சியது எட்டு அணிகள்.

இனி 1955 ப்ளேஆஃப். கிழக்கில் சிராக்யூஸ் 3-1 என்று பாஸ்டனை வென்றது. மேற்கில் அதே 3-1 கணக்கில் லேக்கர்ஸை வென்று இறுதிக்கு வந்தது யார் தெரியுமா? 19-18 புகழ் ஃபோர்ட் வேன்! ஓட்டையைக் காட்டிய அணியும், அதை அடைத்தவரின் அணியும் நேருக்கு நேர்.

ஃபோர்ட் வேனுக்கு ஒரு சோதனை. சொந்த ஊர் அரங்கத்தை ஒரு பௌலிங் போட்டிக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அதனால் அவர்களுடைய ஹோம் மேட்சுகள் இண்டியானபோலிஸில் நடந்தன. அங்கே மூன்றையும் ஜெயித்தார்கள். சிராக்யூஸ் தன் ஊரில் மூன்றை ஜெயித்தது. 3-3.

ஏப்ரல் 10, சிராக்யூஸில் ஏழாவது மேட்ச். இரண்டாவது குவார்ட்டரில் ஃபோர்ட் வேன் 41-24 என்று 17 பாயிண்ட் முன்னிலை. பழைய விதியாக இருந்தால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கரைத்திருக்கலாம். அதில் கைதேர்ந்த அணி வேறு. இப்போது 24 நொடிக்கு ஒருமுறை எறிந்தே ஆகவேண்டும். தவறினால் பந்து சிராக்யூஸுக்கு. கொஞ்சம் கொஞ்சமாக வித்தியாசம் கரைந்தது. 12 நொடி மிச்சமிருக்கும்போது ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டு 92-91 ஆக்கினார். அடுத்து ஃபோர்ட் வேனின் ஆண்டி ஃபிலிப்பிடமிருந்து பந்தையும் அவரே பறித்தார். கோப்பை சிராக்யூஸுக்கு. அந்த அணியில் இருந்த எர்ல் லாயிட், ஜிம் டக்கர் இருவரும்தான் என்.பி.ஏ. கோப்பை வென்ற முதல் கறுப்பின ஆட்டக்காரர்கள்.

கடிகாரம்தான் ஜெயிக்க வைத்தது என்று சொன்னால் ஆடியவர்களுக்கு அநியாயம். கடிகாரம் கொடுத்தது வாய்ப்பு மட்டும்தான். 17 பாயிண்டைத் துரத்திப் பிடித்தது அவர்கள். ஆனால் முன்னாடியெல்லாம் பின்தங்கிய அணிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. பின்தங்கியவன் இன்னும் பிடித்துவிடலாம் என்ற நினைப்பு இருந்தால்தானே கூட்டம் கடைசிவரை உட்கார்ந்திருக்கும்? பியாசோன் விற்றது அந்த நினைப்பைத்தான்.

இதில் வருத்தமான பகுதி என்னவென்றால், லீகைக் காப்பாற்றிய விதி இந்த இரண்டு சின்ன ஊர்களைக் காப்பாற்றவில்லை. ஃபோர்ட் வேன் அணி 1957-ல் டெட்ராய்ட்டுக்குப் போனது. சிராக்யூஸ் அணி 1963-ல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 76ர்ஸ் ஆனது. பியாசோன் 1992-ல் இறந்தார். ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது 2000-ல்தான். சிராக்யூஸில் இன்று என்.பி.ஏ. அணி இல்லை. அந்த ஊர்க்காரர் கொண்டுவந்த 24 மட்டும் எல்லா என்.பி.ஏ. அரங்கத்திலும் வளையத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது.