வடபகுதிப் புகையிரதப் பாதையும் மக்கள் வாழ்வும்

வவுனியா நகரிலே 'குட்செட் வீதி' என்றொரு வீதி உண்டு. நாள்தோறும் அப்பெயரை உச்சரிப்போருள், அது புகையிரதச் சரக்குச் சாலையின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. நம் மாணவருக்குப் புகையிரதம் என்றவுடன் நினைவுக்கு வருவது 'யாழ்தேவி', விடுமுறைக்கு ஊர் திரும்பும் பயணிகள், சன்னலோர இருக்கை. வெங்காய மூட்டையும் புகையிலைச் சிப்பமும் சீமெந்துப் பையும் அதே தண்டவாளத்தின் மீது ஒரு காலத்தில் ஊர்ந்து சென்றன என்பது மறக்கப்பட்ட செய்தியாகிவிட்டது.

மறந்ததை நினைவூட்டவேண்டிய காலம் இது. காங்கேசன்துறைத் துறைமுகத்தை இந்தியாவின் நன்கொடை உதவியுடன் புனரமைப்பது பற்றி 2024ஆம் ஆண்டில் இரு அரசாங்கங்களும் பேசின. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் ஓடத் தொடங்கியது. துறைமுகத்தின் வாசலிலேயே புகையிரதப் பாதையும் முடிவடைகின்றது. கடலும் இரும்பும் சந்திக்கும் அவ்விடத்தில் ஒரு சரக்கு நிலையம் எழுமாயின் அதனால் வாழப்போவோர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடுமுன் வரலாற்றின் பக்கம் சற்றே திரும்புதல் நலம்.

இலங்கையில் இருப்புப்பாதை மக்களுக்காக இடப்படவில்லை, கோப்பிக்காக இடப்பட்டது. 1858இல் வேலை தொடங்கியது. 1864 டிசம்பர் 27ஆம் நாள் முதலாவது வண்டி கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை சென்றது. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. மலைநாட்டுத் தோட்டத் துரைமாரின் விளைபொருள் விரைவாகத் துறைமுகம் சேரவேண்டும், அதுவே நோக்கம். பின்னர் இலைநோய் கோப்பியை அழித்தது, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. பாதையோ தேயிலையைத் தொடர்ந்து மலையேறி 1885இல் நானுஓயாவை எட்டியது. மூலதனம் எங்கே கால் வைத்ததோ அங்கே தண்டவாளமும் சென்றது.

மூலதனம் கால் வைக்காத வடக்கு காத்திருந்தது. மக்கள் விண்ணப்பித்தனர், ஆட்சியாளரோ 'இலாபம் கிட்டுமா?' என்று கணக்குப் பார்த்தனர். கண்டிக்குப் பாதை வந்து 38 ஆண்டுகள் கழிந்த பின்னரே கொழும்பும் காங்கேசன்துறையும் இணைக்கப்பட்டன. அவ்விணைப்பு வந்த முறையும் கவனிக்கத்தக்கது. வடக்கின் முதல் வண்டி தெற்கிலிருந்து வரவில்லை. 1902 மார்ச் 11ஆம் நாள் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பகுதியே முதலில் திறக்கப்பட்டது. நாட்டின் ஏனைய பாதைகளோடு எவ்விதத் தொடர்புமின்றி மூன்று ஆண்டுகள் அது தனித்தே இயங்கியது. அதன் இயந்திரமும் பெட்டிகளும் கடல்வழியாகவன்றி வேறெவ்வாறு வந்திருக்க முடியும்? 1905 ஓகஸ்டு முதல் நாளன்றே கொழும்பு வண்டி காங்கேசன்துறைக்கு வந்தது. ஆகவே யாழ்ப்பாணத்துப் புகையிரதம் பிறக்கும்போதே துறைமுகத்தோடு ஒட்டிப் பிறந்த குழந்தை எனலாம்.

அது எதைச் சுமந்தது? தென்னிலங்கை நகரங்கள்தோறும் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகளை முதியோர் அறிவர். கமக்காரன் பாடம்செய்த புகையிலையும், கொட்டில்களில் தொழிலாளர் சுற்றிய சுருட்டும் அக்கடைகளுக்குச் சென்றன. அக்கொட்டில்களிலே ஒருவர் பத்திரிகை வாசிக்க, ஏனையோர் சுருட்டியபடியே கேட்டனர். அரசியலறிவு அங்கேயும் வளர்ந்தது.

ஆயினும் யாழ்ப்பாணம் தெற்குக்கு அனுப்பிய மிகப் பெரிய சரக்கு புகையிலையன்று. படித்த இளைஞரே அச்சரக்கு. ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞர் கந்தோர்களை நாடிக் கொழும்புக்குச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தினால் ஊரில் கல்வீடுகள் எழுந்தன. அறிஞர் இதனை 'மணியோடர் பொருளாதாரம்' என்றனர். அந்த மணியோடர் எல்லா வீட்டுப் படலையையும் தட்டவில்லை. பள்ளிக் கதவு யாருக்குத் திறந்திருந்ததோ அவர்களுக்கே உத்தியோகமும் கிடைத்தது. காணியற்றவர்களாய், சாதியின் பெயரால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒதுக்கப்பட்டவர்களாய்ப் பிறர் தோட்டத்தில் நீரிறைத்த மக்களுக்குப் புகையிரதம் தூரத்தில் கேட்ட ஊதல் ஒலியாக மட்டுமே இருந்தது.

பாதை கொடுத்தது போலவே எடுத்தும் கொண்டது. ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை முதலிய துறைகளில் பாய்க்கப்பல் வாணிபம் தழைத்திருந்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. நம் தச்சரின் கைத்திறனுக்கு அது சான்று. ஆனால் வாணிபமோ கொழும்புத் துறைமுகத்தை நோக்கியும், 1914இல் திறக்கப்பட்ட தலைமன்னார்ப் பாதையை நோக்கியும் திரும்பலாயிற்று. பழைய துறைகள் படிப்படியாக ஒடுங்கின. அங்கு வேலையிழந்தோருக்கு மாற்றுத் தொழில் தருவது பற்றி எவரும் திட்டமிடவில்லை.

1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆனையிறவில் உப்பளம், பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை. பாதை முதன்முறையாக ஒரு தொழிற்றுறையின் முதுகெலும்பாயிற்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன, தோட்டக்காரர் நிமிர்ந்தனர். 1977இன் பின்னர் இறக்குமதிக் கதவு அகலத் திறந்தது, விலை விழுந்தது. தண்டவாளம் அதே தண்டவாளந்தான். கமக்காரனின் வாழ்வைத் தீர்மானித்தது பாதை மட்டுமன்று, அதன் பின்னால் நின்ற பொருளாதாரக் கொள்கையுமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? சீமெந்தும் ஒரு விலையைக் கேட்டது. நமது நிலத்தடி நீரைத் தாங்கும் பாத்திரமாகிய சுண்ணக்கல்லை அகழ்ந்து பெரும் குழிகளை அது விட்டுச்சென்றது.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. சீமெந்துத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. தண்டவாளங்களும் சிலிப்பர்கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் புகையிரதத்தைப் பாடநூற் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்தனர். இந்தியக் கடனுதவியுடன் மீண்டும் இடப்பட்ட பாதையில் 2014 ஒக்டோபர் 13ஆம் நாள் வண்டி யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை எட்டியது. பயணிகள் திரும்பினர். தோட்டத்து விளைவோ லொறியையே நம்பியிருக்கிறது.

அறுவடைக் காலத்தில் வெங்காயத்தைச் சேமித்து வைக்க வசதியற்ற கமக்காரன், வாசலில் நிற்கும் லொறிக்காரன் சொன்ன விலைக்குக் கொடுக்கின்றான். ஒரே சரக்கு வண்டி பல லொறிகளின் சுமையை இழுக்கவல்லது, எரிபொருளும் மிஞ்சும். ஆனால் வண்டி வந்துவிட்டால் மட்டும் விலை உயர்ந்துவிடாது. நிலையத்தின் களஞ்சியம் யார் கையில் இருக்கும்? பத்து மூட்டை கொண்டுவருபவனுக்கும் அங்கே தராசு உண்டா? பெருவணிகரின் கையில் அது சிக்குமாயின், படலையில் நின்ற தரகன் நிலையத்தில் நாற்காலி போட்டு அமர்வான். வேறு மாற்றம் நிகழாது. களஞ்சியமும் குளிர்சாலையும் கமக்காரர், மீனவர் ஆகியோரின் கூட்டுறவுச் சங்கங்களின் ஆட்சியில் இருத்தல் வேண்டும். இது கனவன்று, மலையாளத்துக்குப் புகையிலை விற்க 1930களிலேயே கூட்டுறவுச் சங்கம் கண்ட மண் இது.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. காங்கேசன்துறையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கின் மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. பல பகுதிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டுள்ளன. எஞ்சியவை இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை. அபிவிருத்தியின் பெயரால் அக்காணிகள் மீண்டும் ஒருமுறை பறிபோகுமாயின், அச்சரக்கு நிலையம் யாருடைய நிலத்தில் யாருக்காக நிற்கும்? காணி உரியவரிடம் மீள்வதும், அங்கே பிறக்கும் வேலையில் காணியற்ற தொழிலாளருக்கு முதலிடம் கிடைப்பதும் திட்டத்தின் முதல் வரியாக இருக்கவேண்டும், அடிக்குறிப்பாக அன்று.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். பழைய குட்செட்டுகளில் மூட்டை சுமந்த நாட்டாமைத் தொழிலாளருட் சிலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று, எதைச் சுமந்தார்கள், என்ன கூலி பெற்றார்கள், சரக்கின் இலாபம் எவரிடம் சேர்ந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். திட்டம் வகுப்போர் வரைபடத்தை விரிக்கும் நாளில் அந்த ஏடும் மேசைமீது இருக்கட்டும்.