சிற்றுருவ ரயிலும் நமது சரித்திரமும்

பெரியனவற்றைச் சிறியனவாகச் செய்து பார்த்து மகிழ்வது மனித குலத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்று. தமிழ்க் குழந்தைக்குச் சிறுதேர் புதிதன்று. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிறுதேர்ப் பருவம் என ஒரு பருவத்தையே வகுத்தனர். நவராத்திரி வந்துவிட்டால் நம் வீட்டுப் பெண்மணிகள் கொலுப் படியின் அருகே மண்ணைக் குவித்து மலை அமைக்கின்றனர். கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு வயலாக்குகின்றனர். முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, கரையில் வாத்துப் பொம்மைகளை நிறுத்துகின்றனர். இதனையே மேல்நாட்டார் தண்டவாளத்தைச் சுற்றிச் செய்து, அதற்குச் சிற்றுருவ ரயில் என்று பெயரிட்டுப் பெருங்கலையாக வளர்த்திருக்கின்றனர். அக்கலையின் வரலாற்றையும், அது நமது காலனிக்குள் வந்து சேர்ந்த கதையையும் அன்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

புகைவண்டி பிறப்பதற்கு முன்பே அதன் பொம்மை பிறந்துவிட்டது எனலாம். 1784-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் வில்லியம் மர்டாக் என்னும் பொறியாளர், தரையில் தானே ஓடும் சிறு நீராவி வண்டி ஒன்றைச் செய்தார். உலகின் முதல் நீராவி இஞ்சினைத் தண்டவாளத்தின்மேல் ஓட்டிக் காட்டிய ரிச்சர்டு டிரெவிதிக்கும், முதலில் சிற்றுருவில் செய்து பார்த்த பின்னரே பெரிதாகச் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வீடுகளில் பித்தளை இஞ்சின்கள் தரையில் ஓடின. சாராய விளக்கால் நீரைக் கொதிக்க வைத்து ஓடிய அவை, போகும் வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக நீரைச் சிந்தியதால் ‘ஒழுகிகள்’ என்னும் பொருள்படும் பெயரைப் பெற்றன. வீட்டுக் கம்பளத்தின் கதி என்னவாயிற்று என்று நாம் கூற வேண்டுவதில்லை.

1891-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில் மார்க்லின் கம்பெனியார் ஒரு புதுமையைக் காட்டினர். தண்டவாளத் துண்டுகளையும் வண்டிகளையும் தனித்தனியே வாங்கி ஆண்டுதோறும் சேர்த்துக்கொள்ளத்தக்க ஏற்பாடு அது. பொம்மை, தொகுப்பாக மாறியது அன்றுதான். லிவர்ப்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் காலமான பின்னர், 1938-இல், மேசைமேல் அடங்கும் மின்சார ரயில்களை அவருடைய கம்பெனி வெளியிட்டது.

நமது நாட்டில் இக்கலை முதலில் அரண்மனையில்தான் நுழைந்தது. குவாலியர் மன்னர் மாதவராவ் சிந்தியா ரயிலின்மீது தீராக் காதல் கொண்டவர். தமது சமஸ்தானத்தில் இரண்டடி அகலக் குறும்பாதை அமைத்தவர். ஜெய்விலாஸ் அரண்மனையின் விருந்து மேசையில் வெள்ளியாலான சிறு ரயில் ஒன்றை ஓடவிட்டார். ஆங்கில எழுத்துகளில் சிந்தியா என்னும் பெயரை ஏழு பெட்டிகள் தாங்கி நிற்க, மதுக் குப்பிகளும் சுருட்டும் ஏந்தி அது விருந்தினரை வலம்வந்தது. குப்பியை எடுத்தால் வண்டி நிற்கும். திரும்ப வைத்தால் நகரும். மன்னருக்கு எட்டிய அவ்வின்பம் குடிமக்களுக்கு எட்ட நெடுங்காலம் ஆயிற்று. பூனா நகரின் கோத்ரூடு பகுதியில் ஜோஷி என்னும் அன்பர், தம் வாழ்நாள் உழைப்பால் ஒரு சிற்றுருவ நகரையே அமைத்து, 1998-இல் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். மலையும் பாலமும் கைகாட்டியும் விளக்குகளும் கொண்ட அந்நகரில் பலவகை வண்டிகள் ஓடுவதைக் காணச் சிறுவரும் பெரியவரும் திரளுகின்றனர்.

அயலூரான் காத்த கிராமம்

இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொட்டவர் மன்னரல்லர். ராய் இங்கிலாந்து என்னும் ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 1925-இல் பிரிட்டனுக்கு வந்தார். ஆக்ஸ்போர்டு நகருக்கு அருகிலுள்ள பள்ளத்தாக்குக் கிராமங்களில் வைக்கோல் வேய்ந்த பழைய குடிசைகள் ஒவ்வொன்றாக மறைந்து வருவதைக் கண்டு மனம் வெதும்பினார். தடுக்க அவரிடம் அதிகாரமோ பொருளோ இல்லை. ஆகவே அவ்வீடுகளை அளந்து, குறித்து, அட்டையைக் கொண்டு அப்படியே சிற்றுருவில் செய்யத் தொடங்கினார். பெண்டன் என்னும் பெயரால் 1954-இல் தொடங்கப்பெற்ற அவருடைய காட்சிசாலை இன்றும் உள்ளது. அவ்வூரில் பிறந்தவர்கள் பாராமுகமாக இருந்ததை, எங்கிருந்தோ வந்த ஒருவர் காத்தார். பிழைக்க வந்த ஊரில் வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

நம் ஊர் இருப்புப்பாதை

ஹைதராபாத்துக்கு இருப்புப்பாதை வந்தது 1874-இல். பம்பாய்-சென்னைப் பாதையில் உள்ள வாடி என்னும் இடத்திலிருந்து செகந்திராபாத்துக்கு நிஜாம் அரசின் பொருளால் அப்பாதை போடப்பட்டது. 1889-இல் பெஜவாடாவுடன் இணைப்பு ஏற்பட்டது. 1893-இல் லாலாகுடாத் தொழிற்சாலை எழுந்தது. நூற்றாண்டின் திருப்பத்தில் கோதாவரிப் பள்ளத்தாக்கின் வழியாக மன்மாடு வரை மீட்டர்ப்பாதை சென்றது. 1916-இல் காச்சிகுடா ஸ்டேஷன் தன் கும்மட்டங்களுடன் எழுந்தது. 1951-இல் நிஜாம் ரயில்வே மத்திய ரயில்வேயில் கலந்தது. 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மத்திய ரயில்வே உதயமாயிற்று.

அப்புதிய மண்டலத்துக்குள் தெற்கு ரயில்வேயின் பகுதிகளும் சேர்ந்தன. ரயில் உத்தியோகத்தை நம்பி இவ்வூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. இன்று சங்கத்தில் கூடியிருக்கும் நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் அவ்வாறு வந்தவர்களே. காச்சிகுடாவிலிருந்து கர்நூல், துரோணாசலம், குந்தக்கல், தர்மாவரம், பாகலா, காட்பாடி, விழுப்புரம் எனத் தொடர்ந்த ஒரே மீட்டர் அகலப் பாதை இராமேசுவரம் வரை சென்றது. காச்சிகுடாவில் கிடந்த தண்டவாளமும் காவிரிக்கரையில் கிடந்த தண்டவாளமும் ஒரே அகலம்! வெங்கடாத்ரி எக்ஸ்பிரஸ் அப்பாதையில்தான் திருப்பதிக்கு ஓடியது. 1990-களிலும் அதன் பின்னரும் அவையெல்லாம் அகலப்பாதையாக மாறின. வேகமும் வசதியும் பெருகின. அதற்கு நன்றி பாராட்டுகின்றோம். ஆயினும், நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளுடன் வந்திறங்கிய அந்தச் சிறிய பாதை, நம் பிள்ளைகளுக்குப் பெயரளவில்கூடத் தெரியாமற்போயிற்று.

பழைய இஞ்சினைப் பழுது பார்த்தல்

மூன்று நவராத்திரிகளுக்கு முன், காலனியில் வாழும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் தகரப் பெட்டியிலிருந்து ஆங்கில நாட்டுச் செய்பொருளான சிறு மின்சார இஞ்சின் ஒன்றையும் சில தண்டவாளத் துண்டுகளையும் எடுத்துவந்து, கொலுவில் வைக்குமாறு கொடுத்தார். அவரிடம் பணிபுரியக் கற்பித்த அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்புகையில் அளித்த பரிசு அது. பல்லாண்டுகளாக ஓடாதது. கணக்கெழுதும் குமாஸ்தாவாகிய நமக்கு இயந்திர அறிவு சொற்பம். ஆயினும் காலனிச் சிறுவர் நால்வரைத் துணைக்கொண்டு திருப்புளியைக் கையில் எடுத்தோம்.

இத்தகைய பழைய இஞ்சின்களுக்கு வரும் நோய்கள் சிலவே. பழைய எண்ணெய் இறுகிப் பிசினாகிப் பற்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். கரித்துண்டுகள் தேய்ந்துபோகும். அவை உராயும் செப்பு வளையத்தில் கறுப்புப் படிந்து மின்சாரம் பாயாது. காந்தம் தன் வலிமையை இழக்கும். மிகக் கொடியது மற்றொன்று. துத்தநாகக் கலப்பு வார்ப்பில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது விரிந்து வெடித்துத் தூளாகிவிடும். உலகப்போருக்கு முந்திய சக்கரங்கள் பல இவ்வாறு மாண்டன. நம் இஞ்சின் தெய்வாதீனமாக அந்நோய்க்குத் தப்பியிருந்தது. செப்பு வளையத்தைச் சாராயம் தோய்த்த பஞ்சினால் துடைத்து, புதிய கரித்துண்டு பொருத்தி, ஊசிமுனையளவு எண்ணெய் விட்டோம். மேலுறையை மண்ணெண்ணெயால் துடைக்கப்போய் வண்ணத்தை ஓரிடத்தில் மங்கச் செய்தோம், தவறு நமதே. பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் கொடுத்தபோது அது முதலில் முனகியது, பின்னர் அசைந்தது, பின்னர் ஓடியது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதே வேலையைப் பேருருவில் செய்தவர்கள் நம் தமிழகத்தில் இருக்கின்றனர் என்பதைப் பெருமையுடன் கூறுவோம். 1855-இல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘ஃபேரி குயின்’ என்னும் இஞ்சினை, பெரம்பூர் லோகோ தொழிற்சாலையார் செப்பனிட்டு 1997-இல் மீண்டும் ஓடச் செய்தனர். அதன் உடன்பிறப்பு எனத்தக்க ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் மற்றோர் இஞ்சின், நூறாண்டுகளுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. அதனையும் அதே தொழிற்சாலையார் உயிர்ப்பித்து, 2010 சுதந்திர தினத்தன்று சென்னையில் ஓட்டினர். திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையாரோ நீலகிரி மலைப்பாதைக்கு 2011 முதல் புதிய நீராவி இஞ்சின்களையே செய்து தந்தனர். பழையது பயனற்றது என்பார்க்கு இவை விடையாகும்.

கணக்கும் கட்டுமானமும்

ஓடியதைக் கண்டு சிறுவர் குதித்தனர். பெரியவர் மட்டும், “இது நம்ம வண்டி இல்லையே, ஐயா. நம்ம ஒய்.பி. எங்கே?” என்றார். அவர் குறித்தது மீட்டர்ப்பாதையில் விரைவு வண்டிகளை இழுத்த இஞ்சின் வகை. ஜாம்ஷெட்பூரில் 1956 முதல் 1970 வரை செய்யப்பட்டது. அவர் கேள்வியே நம்மைக் கணக்குப் போடத் தூண்டியது.

பொம்மைத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். மேல்நாட்டுப் பாதையின் அகலமாகிய 1435-ஐ 87-ஆல் வகுத்தால் இது கிடைக்கும். நமது அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். அதனை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். ஆகவே கடைத் தண்டவாளத்தில் நம் அகலப்பாதை வண்டியை நிறுத்தினால், பெரிய சரீரத்துக்குச் சிறிய கால் அமைந்தாற்போல் தோன்றும். மீட்டர்ப்பாதையின் 1000 மில்லிமீட்டரை 16.5-ஆல் வகுத்துப் பார்த்தோம். ஏறத்தாழ 60 வந்தது. அறுபதில் ஒரு பங்காகச் செய்தால் அதே தண்டவாளம் மீட்டர்ப்பாதையாகிவிடும்! ஒய்.பி. இஞ்சினின் பெரிய சக்கரம் 1372 மில்லிமீட்டர். அறுபதில் ஒரு பங்கு 23-க்குச் சற்றுக் குறைவு. பெட்டியிலிருந்த இஞ்சினின் சக்கரத்தை அளந்தோம். அதுவும் ஏறத்தாழ அவ்வளவே! பெரியவரின் இசைவுடன் பழைய மேலுறையைக் கழற்றித் துணியில் பொதிந்து பத்திரப்படுத்தினோம். அதன் இயந்திரத்தின்மேல் அட்டையாலும் பித்தளைத் தகட்டாலும் ஒய்.பி.-யின் உருவத்தை அமைத்தோம். வேண்டும்போது பழைய உறையைத் திரும்பப் பூட்டலாம். ஒரு திருகாணியையும் நாம் கெடுக்கவில்லை.

அடுத்தது இயற்கைக் காட்சி. மேல்நாட்டுப் புத்தகங்களில் காணும் பசும்புல் மேடுகள் தக்காணத்துக்கு ஆகா. இங்கே செம்மண், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற்போன்ற கருங்கற் பாறைகள், சீத்தாப்பழப் புதர், பனையும் ஈச்சையும். கம்பி வலையின்மேல் பழைய செய்தித்தாளைப் பசையில் தோய்த்து ஒட்டி, மேலே பாரிஸ் சாந்து பூசி நிலமாக்கினோம். காலனி வாசலில் பொறுக்கிய கூழாங்கற்களே கோல்கொண்டாப் பாறைகளாயின. தேங்காய் ஈர்க்கு பனையாயிற்று. பச்சைச் சாயமேற்றிய மரத்தூள் புதராயிற்று. தண்டவாளத்தின் இடையே சலித்த மணலைப் பரப்பி, நீர்த்த பசையைச் சொட்டுவிட்டு இறுகச் செய்தோம். பசையில் ஒரு துளி சோப்பு நீர் கலவாவிட்டால் அது மணலுள் இறங்காது உருண்டோடும் என்பதை ஒரு வாரம் வீணாக்கிக் கற்றோம்.

மகபூப்நகர் வழியில் இருந்த சிறு ஸ்டேஷன் ஒன்றை அமைப்பதென முடிவாயிற்று. பெரியவர் அங்கே சில ஆண்டுகள் பணியாற்றியவர். புகைப்படமோ வரைபடமோ நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே முதியவர்களின் நினைவே வரைபடமாயிற்று. இஞ்சினுக்குத் தண்ணீர் விடும் குழாய் பிளாட்பாரத்தின் வடகோடியில் இருந்தது என்றார் ஒருவர். தென்கோடியில் என்றார் மற்றொருவர். பத்து நாள் வழக்கு நடந்தது. இறுதியில் தீர்ப்பளித்தவர், அப்பெரியவரின் துணைவியாரான எண்பது வயது மூதாட்டி. “தெற்காலதான். குழாய் ஒழுகுற தண்ணியிலதான் நான் ரெண்டு கனகாம்பரச் செடி வச்சிருந்தேன்,” என்றார். குழாய் தென்கோடியில் நின்றது. அதனடியில் ஆரஞ்சு வண்ணப் புள்ளிகளாய்க் கனகாம்பரமும் பூத்தது. எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாத செய்தி அது. அந்த அம்மையார் சென்ற தை மாதம் இறைவனடி சேர்ந்தார். நாம் ஓராண்டு தாமதித்திருந்தால் அச்செய்தியும் அவருடனேயே சென்றிருக்கும்.

முடிவுரை

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று சிலர் நகைக்கக்கூடும். நாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் மன்னர்களின் வரலாற்றை எழுதப் புலவர் பலர் உளர். காங்மேனும் பாயிண்ட்ஸ்மேனும் ஃபயர்மேனும் வாழ்ந்த வரலாற்றை யார் எழுதுவார்? அவர்தம் பிள்ளைகளாகிய நாமன்றோ எழுத வேண்டும்? எழுத இயலாதார் அட்டையும் பசையும் கொண்டேனும் செய்து வைக்கலாம்.

ஆண்டு விழாவன்று சங்க மண்டபத்தின் கீழ்க்கூடத்தில் அச்சிறு ஸ்டேஷன் காட்சிக்கு வைக்கப்பெறும். அன்பர்கள் குழந்தைகளுடன் வந்து காண வேண்டுகின்றோம். வீட்டுப் பெட்டிகளில் பழைய ஸ்டேஷன் படமோ, பயணச் சீட்டோ, கைவிளக்கோ இருப்பின் கொண்டுவந்து காட்டுங்கள். பார்த்துக் குறித்துக்கொண்டு திருப்பித் தருவோம். எல்லாவற்றினும் மேலாக, வீட்டில் உள்ள முதியோரை அழைத்து வாருங்கள். நாம் அமைத்ததில் பிழை இருந்தால் சுட்டிக்காட்ட வல்லவர்கள் அவர்களே. பசை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது; திருத்திக்கொள்ளலாம்.